பசங்களுக்கு சாஃப்ட்பால், கபடி டோர்னமென்ட் நடத்தப் போறீங்களா? யாரிடம் அங்கீகாரம் வாங்கணும்? சர்டிபிகேட் செல்லுமா? முழு விவரம்

பிளஸ் 2 முடித்த பையன். கையில் ஒரு ஃபைல். அதில் கலர் கலராக 20 சர்டிபிகேட். 'ஸ்டேட் லெவல்', 'நேஷனல் லெவல்', 'ஆல் இண்டியா' என்று பெரிய பெரிய எழுத்துகள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைத்துவிடும் என்று நம்பி அப்பாவும் கூடவே வந்திருக்கிறார். சரிபார்ப்பு மேஜையில் இருப்பவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் செல்லாது தம்பி" என்கிறார்.

விளையாட்டு இடஒதுக்கீட்டை நம்பும் பல குடும்பங்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பையனின் திறமையில் குறை இருக்காது. அவன் விளையாடிய போட்டியை நடத்தியது யார், அதற்கு அங்கீகாரம் கொடுத்தது யார் என்பதில்தான் சிக்கல்.

செஞ்சி பக்கம் ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். பொங்கலுக்கு 16 வயதுக்கு உட்பட்ட பசங்களுக்கு கபடி போட்டி நடத்தலாம் என்று ஊர் இளைஞர் மன்றம் முடிவு செய்கிறது. அதே சமயம், பக்கத்துப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் மாணவிகளுக்கு சாஃப்ட்பால் போட்டி வைக்க நினைக்கிறார். இரண்டு தரப்புக்கும் வரும் முதல் கேள்வி ஒன்றுதான். நோட்டீஸில் யார் பெயரைப் போடுவது? மாவட்ட சங்கமா, பள்ளிக் கல்வித் துறையா, விளையாட்டு மேம்பாட்டு ஆணையமா, அல்லது "நாங்க நேஷனல் ஃபெடரேஷன்" என்று போன் செய்யும் புதிய அமைப்பா?

இதற்கான பதிலைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

அங்கீகாரம் என்றால் என்ன?

ஒரு போட்டி குறிப்பிட்ட விளையாட்டின் விதிகளின்படி, தகுதியான நடுவர்களை வைத்து, வயதுச் சான்று சரிபார்த்து நடக்கிறது என்று அந்த விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பு ஒப்புக்கொள்வதுதான் அங்கீகாரம்.

இது ஒரு சங்கிலி மாதிரி. உச்சியில் சர்வதேச கூட்டமைப்பு இருக்கும். அதன் கீழ் ஒரு நாட்டுக்கு ஒரு தேசிய கூட்டமைப்பு, அதன் கீழ் மாநில சங்கம், அதன் கீழ் மாவட்ட சங்கம். சாஃப்ட்பாலை எடுத்துக்கொண்டால், உலக அளவில் 2013-ல் உருவான உலக பேஸ்பால் சாஃப்ட்பால் கூட்டமைப்பு, இந்திய அளவில் சாஃப்ட்பால் அசோசியேஷன் ஆஃப் இண்டியா, அதன் கீழ் மாநில, மாவட்ட சங்கங்கள்.

இதில் நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழே கொடுக்கும் சர்டிபிகேட்டுக்கு மதிப்பு போய்விடும். மாவட்ட சங்கம் எவ்வளவு நேர்மையாகப் போட்டி நடத்தினாலும், அது சேர்ந்திருக்கும் மாநில சங்கத்துக்கு தேசிய அங்கீகாரம் இல்லையென்றால் பசங்களுக்கு மேலே போக வழி கிடையாது.

சர்டிபிகேட் எங்கே செல்லும்?

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்.

மத்திய அரசுப் பணிகளுக்கான ஸ்போர்ட்ஸ் கோட்டா விதிகளை மத்திய பணியாளர் துறை 2013 அக்டோபர் 3-ம் தேதி ஒரே உத்தரவாகத் தொகுத்து வெளியிட்டது. அப்போது பட்டியலில் இருந்தவை 43 விளையாட்டுகள். 2020-ல் மேலும் 20 சேர்ந்து 63 ஆனது. கபடி, வாலிபால், கோ-கோ, பால் பேட்மிண்டன், டெனிகாய்ட், சாஃப்ட்பால் எல்லாம் முதல் பட்டியலிலேயே உண்டு. மல்லகம்பம், செபக் டக்ரா, கயிறு இழுத்தல் போன்றவை 2020-ல் சேர்ந்தவை.

அந்த உத்தரவு கேட்கும் சான்றிதழ்களில் முக்கியமானவை நான்கு.

படிவம் 1: சர்வதேசப் போட்டியில் இந்தியாவுக்காக விளையாடியவர்களுக்கு. தேசிய கூட்டமைப்பின் செயலாளர் கையெழுத்து வேண்டும்.

படிவம் 2: தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக விளையாடியவர்களுக்கு. மாநில சங்கத்தின் செயலாளர் கையெழுத்து வேண்டும்.

படிவம் 3: பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக விளையாடியவர்களுக்கு. பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கொடுக்க வேண்டும்.

படிவம் 4: தேசிய பள்ளி விளையாட்டுப் போட்டியில் மாநிலப் பள்ளி அணிக்காக விளையாடியவர்களுக்கு. பள்ளிக் கல்வித் துறையில் விளையாட்டுப் பொறுப்பில் இருக்கும் இயக்குநர் நிலை அதிகாரி கொடுக்க வேண்டும்.

இந்த நான்கிலும் ஊர் டோர்னமென்ட் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மாவட்ட சங்கத்தின் முறையான அங்கீகாரத்தோடு நடக்கும் போட்டியில் முதல் பரிசு வாங்கினாலும், அந்த சர்டிபிகேட்டை மட்டும் வைத்து மத்திய அரசு வேலைக்கான ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நுழைய முடியாது. மாநில அணியின் ஜெர்சியைப் போட்டு தேசிய அளவில் விளையாடினால்தான் கணக்கு தொடங்குகிறது. அதிலும், அந்தத் தேசியப் போட்டியை நடத்தியது மத்திய விளையாட்டுத் துறை அங்கீகரித்த கூட்டமைப்பாக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் வாய்ப்புகள் உண்டு. மாநில அரசுப் பணிகளில் தகுதியுள்ள விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இடஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள், அரசு ஒதுக்கீட்டு எம்பிபிஎஸ் சேர்க்கையில் 7 இடங்கள். எந்த அளவிலான போட்டிக்கு எத்தனை மதிப்பெண், எந்த ஆண்டுகளில் விளையாடியது செல்லும் என்பது ஒவ்வொரு ஆண்டும் வெளியாகும் தகவல் கையேட்டில் இருக்கும். விண்ணப்பிக்கும் ஆண்டின் கையேட்டைப் பார்ப்பதே சரி.

அப்படின்னா ஊர் போட்டிக்கு அங்கீகாரம் எதுக்கு?

நியாயமான கேள்வி. ஊர் போட்டி நேரடியாக வேலை வாங்கித் தராது. ஆனால் முதல் படிக்கட்டு அதுதான்.

ஒன்று, மாவட்ட சங்கம் அனுப்பும் நடுவர்களும் பயிற்சியாளர்களும் உங்கள் ஊர் பசங்களை நேரில் பார்க்கிறார்கள். மாவட்ட அணித் தேர்வுக்கு "அந்தப் பையனை வரச் சொல்லுங்க" என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும்.

இரண்டு, பசங்க சரியான விதிகளோடு பழகுகிறார்கள். கபடியில் சப்-ஜூனியர் பிரிவு என்றால் 16 வயது, 55 கிலோ என்ற வரம்பு உண்டு. ஊரில் 65 கிலோ இருக்கும் பையனை அந்தப் பிரிவில் ஆட விட்டால், அன்றைக்குக் கோப்பை கிடைக்கும். மாவட்டத் தேர்வில் எடை பார்க்கும்போது வெளியே நிற்க வேண்டியதுதான்.

மூன்று, அங்கீகாரம் இல்லாத போட்டிகளில் பதிவு பெற்ற வீரர்கள் ஆடக்கூடாது என்று பல கூட்டமைப்புகள் விதி வைத்திருக்கின்றன. விவரம் தெரியாமல் போய் விளையாடிய பையனுக்கு அந்த சீசனே பாதிக்கப்படலாம்.

சங்கிலி ஒழுங்காக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைய உதாரணம் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி. கபடியில் ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவிலும் இந்தியாவுக்குத் தங்கம். அந்த அணிகளில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும், திருவாரூர் மாவட்டம் வடுவூரைச் சேர்ந்த அபினேஷும் இருந்தார்கள். இருவருக்கும் தமிழ்நாடு அரசு தலா ரூ.25 லட்சம் ஊக்கத்தொகை வழங்கியது.

சங்கிலி அறுந்தால்? மல்யுத்தம் சொல்லும் பாடம்

2023 டிசம்பர் 21. இந்திய மல்யுத்த கூட்டமைப்புக்குத் தேர்தல் நடந்து புதிய நிர்வாகம் வந்தது. வந்த வேகத்தில் 15 வயது மற்றும் 20 வயதுக்கு உட்பட்டோருக்கான தேசியப் போட்டிகளை அந்த ஆண்டு இறுதிக்குள் உத்தரப் பிரதேசம் கோண்டா மாவட்டத்தில் நடத்துவோம் என்று அறிவித்தது. போதிய அவகாசம் தராமல், விதிமுறைகளைப் பின்பற்றாமல் அவசர அறிவிப்பு வந்ததாகச் சொல்லி, டிசம்பர் 24-ம் தேதி மத்திய விளையாட்டு அமைச்சகம் அந்த நிர்வாகத்தை இடைநீக்கம் செய்தது. பெரிய விவகாரமாக வெடித்ததற்கு உடனடிக் காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு சிறுவர் போட்டிதான்.

அதன்பின் நடந்தது இன்னும் குழப்பம். இடைநீக்கம் செய்யப்பட்ட நிர்வாகம் 2024 ஜனவரியில் புனேயில் சீனியர் தேசியப் போட்டி நடத்தியது. நிர்வாகத்தைக் கவனிக்க அமைக்கப்பட்ட தற்காலிகக் குழு பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் இன்னொரு தேசியப் போட்டி நடத்தியது. ஒரே விளையாட்டு, ஒரே சீசன், இரண்டு 'தேசிய சாம்பியன்ஷிப்'.

இடைநீக்கம் செய்யப்பட்ட நிர்வாகம் நடத்தும் போட்டிகள் அங்கீகாரமற்றவை என்றும், அவற்றின் சான்றிதழ்கள் அரசு வேலை, கல்லூரிச் சேர்க்கை போன்ற சலுகைகளுக்குக் கணக்கில் எடுக்கப்படாது என்றும் அமைச்சகம் தெரிவித்தது. அந்த இடைநீக்கம் 2025 மார்ச்சில்தான் விலக்கப்பட்டது. மேட்டில் வியர்வை சிந்தியவர்களுக்கு இந்த நிர்வாகச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லை.

கபடியிலும் இதே கதைதானா?

கிட்டத்தட்ட. இந்திய அமெச்சூர் கபடி கூட்டமைப்பின் நிர்வாகத் தேர்தல் செல்லாது என்று 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிர்வாகம் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது. இடையில் புதிய பெயரில் போட்டிக் கூட்டமைப்பு ஒன்றும் உருவாகி, 2019-ல் தனியாக ஒரு லீக் போட்டியையே நடத்தியது.

2023 இறுதியில் தேர்தல் நடந்தும் பொறுப்பு கைமாறவில்லை. சர்வதேச கபடி கூட்டமைப்பு இந்தியாவின் உறுப்பினர் தகுதியை நிறுத்தி வைத்தது. ஈரானில் நடக்கவிருந்த ஆசிய மகளிர் கபடி போட்டிக்கு இந்திய அணி போக முடியுமா என்ற கேள்வி எழுந்தபோது, வீராங்கனைகள் இருவர் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்க 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்திய அணி ஈரானுக்குப் போய் பட்டத்தோடு திரும்பியது.

இந்த மாதிரி சண்டை நடக்கும்போது, மாவட்ட அளவிலும் ஒரே விளையாட்டுக்கு இரண்டு சங்கங்கள் தலைதூக்கும். இரண்டு பேரும் "நாங்கதான் ஒரிஜினல்" என்பார்கள். போட்டி நடத்தும் ஊர்க்காரர்கள் நடுவில் மாட்டிக்கொள்வார்கள்.

உங்கள் முன் இருக்கும் நான்கு வழிகள்

செஞ்சியில் இருந்து போட்டி நடத்துபவருக்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. எது சரி என்பது போட்டியின் நோக்கத்தைப் பொறுத்தது.

1. பள்ளிக் கல்வித் துறை

பள்ளி அணிகளுக்கு இடையே மட்டும் போட்டி என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கும் பாரதியார் தினம், குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் இந்த வழியில்தான் வருகின்றன. மேலே போனால், 1954 முதல் இயங்கும் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டி. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகள். படிவம் 4-க்கான பாதை இதுதான். தனியார் யாரும் இந்தப் போட்டிகளைத் தாங்களாக நடத்த முடியாது. பள்ளி தன் சொந்த முயற்சியில் அழைப்புப் போட்டி நடத்துவதாக இருந்தால், தலைமை ஆசிரியர் மூலம் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பது நல்லது.

2. மாவட்ட விளையாட்டு சங்கம்

கிளப் அணிகள், ஊர் அணிகள், வெளிமாவட்ட அணிகள் வரும் போட்டி என்றால் இந்த வழி. தேதி, இடம், வயதுப் பிரிவு, எத்தனை அணிகள், பரிசு விவரம் எல்லாம் எழுதி மாவட்ட சங்கச் செயலாளரிடம் கடிதம் கொடுக்க வேண்டும். பொதுவாக ஒரு கட்டணம் இருக்கும். நடுவர்களுக்கான படியும் சாப்பாடும் உங்கள் செலவு. கட்டணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். அனுமதியும் கடிதமாகவே வரட்டும். "போன்ல சொல்லிட்டேன், நடத்துங்க" என்பது அங்கீகாரம் ஆகாது. படிவம் 2-க்கான பாதை இங்கிருந்துதான் தொடங்குகிறது: மாவட்ட அணி, மாநில சாம்பியன்ஷிப், மாநில அணித் தேர்வு, பிறகு தேசியப் போட்டி.

3. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்

இது அரசு அமைப்பு. விழுப்புரத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலர் இருக்கிறார். பள்ளி, கல்லூரி, பொதுமக்கள், அரசு ஊழியர்கள், மாற்றுத்திறனாளிகள் என ஐந்து பிரிவுகளில் நடக்கும் முதலமைச்சர் கோப்பை போட்டிகளை ஆணையம்தான் நடத்துகிறது. உங்கள் ஊர் போட்டிக்கு ஆணையம் அங்கீகாரம் கொடுப்பது வழக்கமில்லை. ஆனால் எந்த மாவட்ட சங்கம் நடப்பில் இருக்கிறது, யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரிக்க நம்பகமான இடம் இதுதான்.

4. அங்கீகாரம் இல்லாத நட்புப் போட்டி

இதில் எந்தத் தப்பும் இல்லை. திருவிழாவுக்கு, பொங்கலுக்கு, பசங்க சந்தோஷமாக ஆட நடத்தும் போட்டிக்கு யாரிடமும் விளையாட்டு அங்கீகாரம் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: நோட்டீஸிலும் சர்டிபிகேட்டிலும் 'ஸ்டேட் லெவல்', 'நேஷனல் லெவல்' என்று போடாதீர்கள். பக்கத்து மாவட்டத்தில் இருந்து இரண்டு அணி வந்துவிட்டால் அது மாநிலப் போட்டி ஆகிவிடாது.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பணம் கட்டினால் எந்தப் போட்டிக்கும் லோகோ தருகிறோம் என்று வரும் அமைப்புகள் காட்டும் ஆவணங்களைப் பார்த்தாலே பலர் அசந்துவிடுகிறார்கள். அதில் எது எதற்கு என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

சங்கப் பதிவுச் சான்று: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவு என்பது அந்தச் சங்கம் சட்டப்படி இருக்கிறது என்பதற்கான ஆதாரம் மட்டுமே. விளையாட்டு அங்கீகாரம் அல்ல.

நிதி ஆயோக் பதிவு: தர்பன் இணையதளத்தில் தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்து எண் வாங்குகின்றன. இதுவும் விளையாட்டு அங்கீகாரம் அல்ல.

ஐஎஸ்ஓ சான்று, டிரஸ்ட் பத்திரம், டிரேட்மார்க்: இவற்றுக்கும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கும் சம்பந்தமே இல்லை.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? மேலிருந்து கீழே வாருங்கள். மத்திய இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு அமைச்சகத்தின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற தேசிய கூட்டமைப்புகளின் பட்டியல் இருக்கும். அங்கீகாரம் நிரந்தரம் கிடையாது என்பதால் நடப்பு ஆண்டின் பட்டியலைப் பாருங்கள். அந்தக் கூட்டமைப்பின் தளத்தில் தமிழ்நாட்டின் உறுப்பு சங்கம் எது என்று இருக்கும். அந்த மாநில சங்கத்திடம் விழுப்புரம் மாவட்டச் செயலாளர் யார் என்று கேளுங்கள். மூன்று படியும் ஒரே கோட்டில் வந்தால் சரி. ஒரு படி விட்டுப்போனால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு சங்கங்கள் உரிமை கோரினால், மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் எழுத்தில் கேட்டு பதில் வரும்வரை எந்த லோகோவையும் அச்சடிக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. போட்டியை நட்புப் போட்டியாக நடத்திவிட்டுப் போகலாம். பசங்களுக்கு நஷ்டம் இல்லை.

2025-ல் வந்த புதிய சட்டம் என்ன சொல்கிறது?

தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறி, ஆகஸ்ட் 18-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. இதுவரை அமைச்சகம் தன் நிர்வாக விதிகளை வைத்துக் கொடுத்து வந்த அங்கீகாரத்தை, இனி சட்டப்படி அமையும் தேசிய விளையாட்டு வாரியம் கொடுக்கும். கூட்டமைப்புத் தகராறுகளை விசாரிக்க தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயமும் உண்டு. பெண்கள், சிறார் வீரர்களின் பாதுகாப்புக்கான கொள்கையையும் இந்தச் சட்டம் வலியுறுத்துகிறது.

ஊர் போட்டி நடத்துபவருக்கு இதில் என்ன இருக்கிறது? விளையாட்டு அமைப்புகள் 'இந்தியா', 'தேசிய' போன்ற சொற்களையும் தேசியச் சின்னங்களையும் இஷ்டத்துக்குப் பயன்படுத்துவதற்கு இந்தச் சட்டம் கட்டுப்பாடு கொண்டுவருகிறது. எனவே பெயரில் 'இண்டியா' இருக்கிறதே என்று நம்பாமல், அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் வேற மாதிரி

சாஃப்ட்பால் அதிகம் ஆடப்படும் அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. அங்கே பசங்களுக்கான போட்டிக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்புகள் பல. 1933-ல் தொடங்கிய அமெச்சூர் சாஃப்ட்பால் சங்கம்தான் இன்று யுஎஸ்ஏ சாஃப்ட்பால். தேசிய அணியைக் கவனிப்பதும் அதுதான். அதோடு போட்டி போட்டுக்கொண்டு வேறு பல தனியார் அமைப்புகளும் இயங்குகின்றன. எந்த அமைப்பு நல்ல காப்பீடு தருகிறது, எந்த பேட் அனுமதிக்கப்படுகிறது, வயதுக் கணக்கு எப்படி என்று ஒப்பிட்டுப் பார்த்து நடத்துபவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நம்மூரில் தேர்வு அப்படி அல்ல. ஒரு விளையாட்டுக்கு ஒரே தேசிய கூட்டமைப்பு என்பதுதான் முறை. ஆனால் அவர்களிடம் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அடிபட்டால் செலவு யாருடையது? அங்கீகாரக் கடிதம் வாங்கும்போது காப்பீடு பற்றியும் கேளுங்கள். சங்கம் தராவிட்டால், போட்டி நாட்களுக்கு மட்டும் குழு விபத்துக் காப்பீடு எடுக்க முடியுமா என்று காப்பீட்டு நிறுவனங்களிடம் விசாரிக்கலாம்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் மீண்டும் இடம்பெறுகிறது. அந்த முடிவு எடுக்கப்பட்டதே 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கூட்டத்தில்தான். பள்ளிகளில் இந்த விளையாட்டு மேல் ஆர்வம் கூட வாய்ப்பு இருப்பதால், சங்கங்களின் பெயர்களும் கூடலாம். சரிபார்ப்பது இன்னும் அவசியம்.

விளையாட்டு அங்கீகாரம் மட்டும் போதுமா?

போதாது. இவை தனி.

காவல்துறை அனுமதி: ஊர் கபடிப் போட்டிகளுக்கு அனுமதி கேட்டு வரும் வழக்குகளில், வீரர்களின் உடையில் சாதி அடையாளம், அரசியல் தலைவர்கள் படம் இருக்கக்கூடாது, மது அருந்தியவர்களை ஆட விடக்கூடாது, முதலுதவி வசதி வேண்டும் போன்ற நிபந்தனைகளை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விதித்திருக்கிறது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது.

மருத்துவ ஏற்பாடு: 2022 ஜூலையில், செஞ்சிக்குத் தூரமில்லாத பண்ருட்டி அருகே நடந்த கபடிப் போட்டியில் 22 வயது கல்லூரி மாணவர் ரெய்டு போனபோது களத்திலேயே மயங்கி விழுந்து உயிரிழந்தார். முதலுதவி தெரிந்த ஒருவர், தயாராக ஒரு வண்டி, பக்கத்து அரசு மருத்துவமனைக்கு முன்தகவல். இந்த மூன்றும் இல்லாமல் போட்டியைத் தொடங்க வேண்டாம்.

சாஃப்ட்பால் என்றால்: பெயரில்தான் 'சாஃப்ட்'. பந்து கெட்டியானது, 12 அங்குலச் சுற்றளவு. பேட் பிடிப்பவருக்கு ஹெல்மெட், கேட்சருக்கு முகக்கவசம் இல்லாமல் பிள்ளைகளை இறக்கக்கூடாது. ஒவ்வொரு பேஸுக்கும் இடையே 60 அடி வேண்டும் என்பதால் கபடி மைதானத்தில் சமாளிக்க முடியாது. பார்வையாளர்கள் நிற்கும் இடத்தையும் தள்ளி வைக்க வேண்டும்.

மாணவிகள் அணி: பெண் ஆசிரியர் அல்லது பெண் பயிற்சியாளர் கூட வர வேண்டும். வீராங்கனைகள் பயணம் செய்யும்போது பெண் பயிற்சியாளர் உடன் செல்வது கட்டாயம் என்று 2022 ஜூனில் இந்திய விளையாட்டு ஆணையம் தேசிய கூட்டமைப்புகளுக்கு அறிவுறுத்தியது. ஊர் போட்டிக்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். தங்குமிடம், உடை மாற்றும் அறை, கழிவறை மூன்றும் தனியாக இருக்க வேண்டும்.

கோட்டைப் பகுதி: செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராத்தா ராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. பார்க்க அழகாக இருக்கும் என்று ராஜகிரி அடிவாரத்தில் தொடக்க விழாவோ பரிசளிப்போ வைக்க ஆசை வரலாம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லைக்குள் நிகழ்ச்சி நடத்த தொல்லியல் துறையின் முன் அனுமதி கட்டாயம். அனுமதி இல்லாமல் பந்தல் கால் நட்டால் சிக்கல் உங்களுக்குத்தான்.

வயதைக் குறைத்துக் காட்டினால்?

சிறுவர் போட்டிகளைக் கெடுக்கும் முதல் விஷயம் இதுதான். 18 வயது பையன் 16 வயதுப் பிரிவில் ஆடினால், ஒரு உண்மையான 15 வயதுப் பையனின் வாய்ப்பு போய்விடும். 2010-ல் மத்திய அமைச்சகம் வயது மோசடிக்கு எதிராகத் தனி விதித்தொகுப்பே கொண்டுவந்தது. தேசிய அளவில் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை வரை போவார்கள். ஊர் அளவில் பிறப்புச் சான்றிதழ், பள்ளி அடையாள அட்டை இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆதார் மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

நோட்டீஸ் அடிக்கும் முன் 7 கேள்விகள்

1. போட்டியின் நோக்கம் என்ன? சந்தோஷமா, தேர்வுக்கான வாய்ப்பா?

2. இந்த விளையாட்டின் தேசிய கூட்டமைப்பு அமைச்சகத்தின் நடப்புப் பட்டியலில் இருக்கிறதா?

3. மாநில சங்கம், மாவட்ட சங்கம் இரண்டும் அதன் கீழ் வருகிறதா?

4. அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறதா? கட்டிய பணத்துக்கு ரசீது உண்டா?

5. நடுவர்கள் யார்? அவர்களை அனுப்புவது யார்?

6. காவல்துறை அனுமதி, முதலுதவி, காப்பீடு தயாரா?

7. சர்டிபிகேட்டில் எழுதப் போகும் 'லெவல்' உண்மையா?

பெற்றோர் கேட்க வேண்டியது என்ன?

நுழைவுக் கட்டணம், டிராவல், ஜெர்சி, தங்கும் செலவு என்று வெளியூர் போட்டிக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால், பணம் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி போதும்: "இந்தப் போட்டி முடிஞ்சா எம் பையனுக்கு எந்தப் படிவத்துல சர்டிபிகேட் கிடைக்கும்? யார் கையெழுத்து போடுவாங்க?"

நேர்மையாக நடத்துபவர் "இது நட்புப் போட்டிங்க, படிவமெல்லாம் வராது, ஆனா பசங்களுக்கு நல்ல அனுபவம்" என்று நேரடியாகச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட போட்டிக்குத் தாராளமாக அனுப்பலாம். "எல்லாத்துக்கும் செல்லும்" என்று மட்டும் பதில் வந்தால், அந்தப் பணத்துக்குப் பையனுக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுத்து மாவட்ட அணித் தேர்வுக்கு அழைத்துப் போவது மேல்.